தண்ணீர் தெளியும்வரை

சிரிஞ்சின் முனையில் ஒரு சொட்டு நீலம் தொங்கும். விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு விழும். கீழே பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரைத் தொட்டதும் கலைந்து பரவ வேண்டிய சாயம் பரவாது. விழுந்த வடிவத்திலேயே இறுகி, உருண்டையாகி, மெல்ல மெல்ல அடியில் போய் உட்காரும். அதன்மேல் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. அரை மணி நேரத்தில் பாத்திரத்தின் அடியில் மீன் முட்டைகள்போல ஒரு நீலக் குவியல் சேர்ந்துவிடும்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த சாயம் இப்படி நடந்துகொள்ளாது. தண்ணீரில் விட்டால் புகைபோல் சுருண்டு சுருண்டு ஓடும். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஓடாத சாயத்தை, தண்ணீருக்குள்ளேயே தனியாக உட்கார்ந்திருக்கும் சாயத்தை, அன்றைக்குத்தான் பார்த்தேன். கனவில் தண்ணீருக்குள்ளும் மூச்சு விட முடியுமே, அந்த மாதிரி இருந்தது.

ஆரணியில் எங்கள் வீட்டின் பின்பக்கம்தான் அப்பாவின் சாயப்பட்டறை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு, கழி என்று நாங்கள் சொல்லும் நூல்கற்றைகளை அலச ஆள் இல்லாமல் போனது. ஒரு மாதம் மட்டும் உதவு என்றார். மாதம் முடிந்ததும் பள்ளிக்குப் போ என்றும் அவரே சொன்னார். நான்தான் போகவில்லை. ஒரு மாதப் பாடத்தை எப்படிப் பிடிப்பது, டீச்சர் எழுப்பிக் கேள்வி கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்து நினைத்து, நாளைக்குப் போகிறேன் நாளைக்குப் போகிறேன் என்று வருஷம் ஓடிவிட்டது. குடும்பக் கஷ்டத்தில் படிப்பை விட்டவள் என்று என்னைப் பற்றி மற்றவர்கள் சொல்லும்போது நான் மறுத்ததில்லை. பயத்தில் விட்டேன் என்பதுதான் உண்மை.

பட்டறையில் என் வேலை அலசுவது. சாயத்தில் தோய்த்து எடுத்த பட்டு நூலில், நூலைப் பிடித்துக்கொண்ட சாயமும் இருக்கும், சும்மா மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் சாயமும் இருக்கும். ஒட்டியதைப் போக்க வேண்டும். அப்பா ஒரே சொல்தான் சொல்வார்: "அலசு." எத்தனை தடவை என்று சொல்ல மாட்டார். தண்ணீர் தெளியும்வரை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. முடித்துக் கொடுத்ததும் கழியைத் தன் வெள்ளை வேட்டி ஓரத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பார். கறை விழுந்தால் போச்சு.

"இந்தப் பொடவைய கட்டிகினு ஒருத்தி மணையில குந்துவா. வேர்க்கும். சாயம் இறங்கி ரவிக்கையெல்லாம் திட்டு திட்டா நிக்கும். அந்தப் பொண்ணு அழுவுறத நீ போய் பாத்துட்டு வர்றியா?"

அந்தப் பெண்ணை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் வருஷக்கணக்காக அவளுக்காகக் கவலைப்பட்டேன். எந்த ஊரிலோ, எந்த மண்டபத்திலோ, வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவளுக்காகத் தேவைக்கு மேலேயே இரண்டு தடவை அலசுவேன்.

பிறகு கல்யாணம். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் கழித்து, ஊருக்கு வெளியே இருந்த ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் லேப் உதவியாளாகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை; வருஷா வருஷம் ஜூன் மாதம் புதுக் கடிதம் தருவார்கள். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது, ஆட்டோகிளேவ் என்ற பெரிய குக்கரில் எல்லாவற்றையும் வேகவைத்துக் கிருமி நீக்குவது, பெருக்குவது. கிருமிகளோடு வேலை என்றதும் என் கவலைக்கு ஒரு பெரிய மைதானமே கிடைத்தது. கையை மூன்று தடவை கழுவுவேன். கேஸ் குழாயை மூடினேனா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வருவேன். வாட்ச்மேன் என்னைத் தூரத்தில் பார்த்தே சாவியை எடுத்துவிடுவார்.

"இன்னாம்மா, கேஸு உன்ன கூப்ட்டுச்சா?"

"ஒரே ஒரு தபா பாத்துட்டு வந்துடறேண்ணா."

"பாத்துக்க. நாளைக்கும் அது அங்கதான் இருக்கும்."

அந்த லேபில்தான் போளூர்ப் பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தினமும் போளூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோவாள் என்பதால் எல்லாருக்கும் அவள் போளூர்ப் பெண். எனக்கு அவள் பாப்பா, அவளுக்கு நான் அக்கா. சாயப்பட்டறைகளின் கழிவு ஓடும் கால்வாய்ச் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்து வைத்திருந்தாள். அது சாயத்தைத் தின்னும் என்பது அவள் நம்பிக்கை. அதைக் கண்ணால் பார்க்கும்படி நிரூபிக்க வேண்டும்.

சாயத்தைச் சும்மா தண்ணீரில் கலந்தால் பாக்டீரியாவும் அதுவும் ஒன்றாகக் கலங்கி, எதை எது செய்தது என்று சொல்ல முடியாது. அதனால் சாயத்தை ஒரு ஜெல்லுக்குள் பிடித்துவைத்தாள். கடல்பாசியிலிருந்து எடுத்த ஒரு மாவு. ஆல்ஜினேட் என்பாள். கரைத்தால் கஞ்சிபோல் இருக்கும். அதில் சாயத்தைக் கலந்து, சுண்ணாம்புச் சத்துள்ள ஓர் உப்புத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் இறுகி மணியாகிவிடும். அந்த மணிகளைப் பாக்டீரியா இருக்கும் குடுவையில் போட வேண்டும். நீலம் வெளுத்தால் பாக்டீரியா தின்றது என்று அர்த்தம்.

"சாயம் உள்ளயே இருக்குமா பாப்பா? ஓடிடாதா?"

"ஜெல்லுங்கறது வலை மாதிரி அக்கா. அதுல சாயம் மாட்டிகினு இருக்கு. ஆனா கண்ணு கொஞ்சம் பெருசு. நழுவும். அதான் எனக்கும் பேஜாரு."

அவளுக்கு அந்த மாதம் ரொம்ப முக்கியம். ஆறு மாதமாக ஒன்றும் சரியாக வரவில்லை. அவளுடைய வழிகாட்டி சார் நல்லவர்தான். ஆனால் இந்த மாதக் கூட்டத்தில் காட்ட ஏதாவது இல்லையென்றால் தலைப்பை மாற்று என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஏற்கெனவே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பு மாறினால் இன்னும் ஒரு வருஷம். அந்த வருஷத்தை அவளுக்கு யாரும் தர மாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மணிகளை இரண்டு கிண்ணங்களில் தயார் செய்து முடித்தாள். வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று போன் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அக்கா, ஆறு பிளாஸ்க்கு வச்சிருக்கேன். மூணுல செவப்புக் கயிறு, மூணுல வெள்ளக் கயிறு. நாலு பாட்டில்ல கொதிக்கவச்ச தண்ணி இருக்கு. மணிங்கள அலசிட்டு, மொதக் கிண்ணத்த செவப்புல பிரிச்சுப் போடுங்க, ரெண்டாவத வெள்ளயில. போட்டுட்டு ஷேக்கர ஆன் பண்ணிடுங்க. சாரிக்கா, ஜல்தியா போவணும், பஸ் போயிடும்."

"அலசணும். அவ்ளோதான? நீ போம்மா."

அவ்வளவுதான். நான் அலச உட்கார்ந்தேன்.

அந்த மத்தியானம் இன்னும் எனக்குள் இருக்கிறது. எல்லாரும் போய்விட்டார்கள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து சிங்க் மேல் விழுந்தது. முதல் கிண்ணத்து மணிகளை வடிகட்டியில் கொட்டி, பாட்டில் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். நீலம் இறங்கியது. இன்னும் ஊற்றினேன். இன்னும் இறங்கியது. வெயிலில் அந்தத் தண்ணீர் ஒரு துணிபோல வழிந்தது. சிங்க்கின் வெள்ளைப் பீங்கானில் மடிப்பு மடிப்பாக விழுந்து ஓட்டைக்குள் போனது. நான் லேபில் இல்லை. பட்டறைக் கல்லில் பாவாடையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் எங்கோ அப்பா விறகைத் தள்ளுகிற சத்தம். கல்யாண மணையில் அந்தப் பெண். ஒரு பாட்டில் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. தண்ணீர் இளநீலம், அதைவிட இளநீலம், பிறகு நீலமா நிழலா என்று தெரியாத ஒரு நிறம். மூன்றாவது பாட்டிலும் தீர்ந்து, நாலாவதில் பாதி போனபோதுதான் தண்ணீர் தெளிந்தது.

மணிகள் பனி மூடிய ஜன்னல்போல் ஆகியிருந்தன. உள்ளே நீலத்தின் ஞாபகம் மட்டும். இதுதான் பிடித்த சாயம், மற்றதெல்லாம் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது என்று எனக்கு ஒரு திருப்தி.

இரண்டாவது கிண்ணத்துக்கு மிச்சம் இருந்தது அரை பாட்டில். ஒரே ஒரு தடவைதான் அலச முடிந்தது. அவை கருநீலமாகவே வெள்ளைக் கயிற்றுக் குடுவைகளுக்குள் போயின. ஷேக்கரைப் போட்டேன். ஆறு குடுவைகளும் தூளிபோல் ஆடத் தொடங்கின. பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கேஸை இரண்டு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனி, ஞாயிறு முழுக்க எனக்குக் கவலை. வெள்ளைக் கயிற்றுக் குடுவைகளைப் பற்றி. அரைகுறையாக அலசிவிட்டேனே, சாயம் இறங்கித் தண்ணீரெல்லாம் நீலமாகிவிடுமே. சோறு இறங்கவில்லை. விசைத்தறியிலிருந்து வந்த வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார்.

"இன்னாமே, இந்த வாரம் யாருக்காக?"

"பாப்பாவோட மணி. ரெண்டாவது கிண்ணம் சரியா அலசல."

"மொதக் கிண்ணம்?"

"அது நல்லா அலசிட்டேன்."

"அப்ப பாதி கவலைதான். பாதி சோறு துன்னு."

தப்பான கிண்ணத்துக்காகக் கவலைப்பட்டேன். ஆயுசு முழுக்கக் கவலைப்பட்டுப் பழகியவளுக்கு, கவலைப்பட வேண்டிய நாளில் அந்த இடம் தெரியவில்லை.

திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு உள்ளே போனேன். வாயைத் திறப்பதற்குள் போளூர்ப் பெண் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! தின்னுடுச்சு அக்கா! பாருங்க, செவப்புக் கயிறு மூணும் வெளுத்துப் போச்சு! வெள்ளக் கயிறுல கொஞ்சம் தண்ணியில இறங்கியிருக்கு, ஆனா நீலம் அப்படியே இருக்கு!"

"வெள்ளக் கயிறுல இன்னாம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல அக்கா, அதான் விஷயமே! செவப்புல பாக்டீரியா இருக்கு, வெள்ளயில இல்ல. மத்தபடி எல்லாம் ஒண்ணு. அப்ப வெளுக்க வச்சது யாரு?"

நான்தான். வெளுக்க வைத்தது நான்தான். காதுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவள் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆட்டினாள். வெளிறிய மணிகள் சுழன்று சுழன்று எழும்பி இறங்கின. அவள் முகத்தில் அந்த வெளிச்சம். ஆறு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஒருவேள... சாயம் தண்ணியில இறங்கிப் போயிருந்தா?" என்றேன்.

"இறங்கியிருந்தா இந்தத் தண்ணி நீலமாயிருக்கணுமே அக்கா? தெளிவா இருக்கு பாருங்க." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்களே சயின்டிஸ்ட் மாதிரி கேக்கறீங்க."

நீலமான தண்ணீர் வெள்ளிக்கிழமையே சிங்க்கில் போய்விட்டது. அது என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. ஆனால் அவள் அதற்குள் சாரின் அறைக்கு ஓடிவிட்டாள். சார் வந்து பார்த்தார்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வேலூரிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வருகிறார்கள், அவர்களுக்குக் காட்டலாம் என்றார். போளூர்ப் பெண் வீட்டுக்குப் போன் செய்து, "ஆராய்ச்சி சீக்கிரம் முடிஞ்சிடும்ப்பா, அதுவரைக்கும் எதுவும் முடிவு பண்ணாதீங்க" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

செவ்வாய் போனது. புதன் போனது. சொன்னால் என் வேலை போகும் என்று முதலில் பயந்தேன். பிறகு அது சின்னதாகிவிட்டது. பெரிய பயம் வேறு. அந்த வேலூர்க்காரர்களில் யாராவது அவளுடைய பாக்டீரியாவை வாங்கி, மறுபடி செய்து பார்த்தால்? மணி வெளுக்காது. வெளுக்கவே வெளுக்காது. அப்போது எல்லார் முன்னாலும் நிற்பவள் அவள். நான் கண்ணை மூடினால், மணையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு முகம் வந்திருந்தது. போளூர்ப் பெண்ணின் முகம். வேர்த்துக்கொண்டிருந்தாள். சாயம் இறங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம், கூட்டத்தில் காட்டுவதற்கென்று புதிதாக ஒரு கிண்ணம் மணி சொட்டிக்கொண்டிருந்தாள். அதே மேற்கு ஜன்னல், அதே வெயில்.

"அக்கா, இத கொஞ்சம் அலசிக் குடுக்கறீங்களா?"

வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வடிகட்டியை எடுத்தேன். "பாப்பா, இங்க வந்து நில்லு" என்றேன். பாட்டிலைத் திறந்து ஊற்றத் தொடங்கினேன். அவள் பேசிக்கொண்டே வந்தாள். நாளைக்கு எந்தச் சுடிதார் போடுவது என்று ஏதோ. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். நீலம் மடிப்பு மடிப்பாக இறங்கியது. ஒரு பாட்டில் முடிந்து இரண்டாவதைத் திறந்தேன்.

"போதும் அக்கா."

நான் நிறுத்தவில்லை.

"அக்கா, போதும்... எதுக்கு இவ்ளோ..."

மூன்றாவது பாட்டிலைத் திறந்தபோது அவள் பேச்சு நின்றுவிட்டது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும். நாலாவது பாட்டிலில் தண்ணீர் தெளிந்தது. வடிகட்டியை அவள் முன்னால் நீட்டினேன். திங்கட்கிழமை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த அதே வெளிறிய மணிகள்.

"செவப்புக் கயிறுக்கு இப்படித்தாம்மா அலசினேன். வெள்ளக் கயிறுக்கு அரை பாட்டில்தான் மிச்சம் இருந்துச்சு."

அவள் ரொம்ப நேரம் வடிகட்டியையே பார்த்தாள். ஒரு மணியை எடுத்து விரலில் நசுக்கினாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"நான் ஒரு தடவைன்னு சொன்னேனா, சொல்லலியா?"

"சொல்லலம்மா. அலசுன்னு சொன்ன."

"அலசுன்னா ஒரு தடவைதான அக்கா?"

"எங்க வீட்ல இல்லம்மா."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தொடலாமா கூடாதா என்று தெரியாமல் ஈரக்கையோடு நின்றேன். கையை எடுத்தபோது பார்த்தால், அழுகையோடு கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

"நாலு நாளா சொல்லாம எப்படிக்கா தூங்குனீங்க?"

"தூங்கல."

"நாளைக்குக் காட்டினப்புறம் சொல்லியிருந்தீங்கன்னா உங்கள கொன்னிருப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஒருநாள் முன்னாடி சொல்லிட்டீங்க. போங்க."

சாரிடம் நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், கண்ணாடிக் கதவு வழியாகப் பாருங்கள் போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பார்த்தேன். அவள் பேசினாள். சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மேசைமேல் வைத்துவிட்டார். பிறகு கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"உங்க வீட்ல சாயப்பட்டறையா?"

"ஆமாங்க சார். அப்பா."

"எவ்ளோ அலசினா தண்ணி தெளியுதுன்னு சரியா பாத்தீங்களா?"

"மூணரை பாட்டில் சார்."

அவர் போளூர்ப் பெண்ணிடம் திரும்பினார். "அப்ப உன் வலையில சாயம் நிக்கவே இல்லம்மா. அதத்தான் நாளைக்கு நீ சொல்லணும். நிக்கல, எவ்ளோ நழுவுது, அத நிக்கவைக்க இன்னா பண்ணப் போற. அதுவும் ஆராய்ச்சி வேலைதான். ஆனா ஒரு வருஷம் கேக்கும்."

வீட்டில் அந்த வருஷம் கிடைக்குமா என்று அவள் சொல்லவில்லை, சாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் அவள் நின்று பேசியதை நான் டீ கொடுக்கப் போன சாக்கில் கேட்டேன். ஆங்கிலத்தில் பேசினாள், எனக்குப் பாதிதான் புரிந்தது. வேலூர்க்காரர் ஒருவர் கேள்வி கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். ரவிக்கையில் கறை எதுவும் இல்லை என்று எனக்குள் ஒரு பைத்தியக்கார நினைப்பு ஓடியது. அவள் போட்டிருந்தது சுடிதார்.

அப்புறம் அவள் நோட்டில் அலசு என்ற சொல்லே கிடையாது. நூறு மில்லி, மூன்று முறை, ஆறு குடுவைக்கும் ஒரே மாதிரி. எனக்கென்று தமிழில் ஒரு தாளில் எழுதி சிங்க் மேல் ஒட்டிவைத்தாள். ஜூன் மாதக் கடிதம் எனக்கு வந்தது. அந்தக் கடிதம் வரும்வரை நான் பட்ட பாட்டை இங்கே எழுதினால் தாள் போதாது.

சாயம் நழுவாமல் இருக்க அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். கஞ்சியைக் கெட்டியாக்கினாள். சாயத்தை முதலில் பட்டு நூல் பொடியில் ஏற்றி, அந்தப் பொடியை ஜெல்லில் கலந்து சொட்டினாள். அந்த மணிகள் அழகாக இல்லை. உள்ளே திட்டுத் திட்டாக மேகம்போல் இருக்கும். ஆனால் தண்ணீர் சீக்கிரம் தெளிந்தது. அவற்றைச் சிவப்புக் கயிற்றிலும் வெள்ளைக் கயிற்றிலும் போட்டு, பத்து நாள் தூளியில் ஆடவிட்டோம்.

பத்தாம் நாள் காலை இரண்டு குடுவைகளை ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டிருந்தது. கல்யாணம் மட்டும் வருஷக் கடைசிக்குத் தள்ளிப்போயிருந்தது.

"நீங்க சொல்லுங்கக்கா. உங்க கண்ணுதான் சாயக் கண்ணு. செவப்பு வெளுத்திருக்கா?"

குனிந்து பார்த்தேன். நிமிர்ந்து பார்த்தேன். வெயில் மறைந்தபோது பார்த்தேன், வந்தபோது பார்த்தேன். சிவப்புக் கயிற்றில் மேகங்கள் கொஞ்சம் மெலிந்திருந்த மாதிரி இருந்தது. கண்ணைச் சிமிட்டினால் இரண்டும் ஒன்றுபோல் இருந்தது. அவளுக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் பேனாவை எடுத்தாள். "சரி அக்கா. தெரியலன்னே எழுதிக்கறேன்."

எழுதி முடித்து இரண்டு குடுவைகளையும் மறுபடி ஷேக்கரில் வைத்தாள். நான் சுவிட்சைப் போட்டேன். ஆடத் தொடங்கின. உள்ளே மேகங்கள் எழும்பி எழும்பி இறங்கின.